தாயும் பிள்ளையும் ஏறும் தராசு: 68 வெள்ளிக்கு மோசமில்லை

உகாண்டாவில் எச்ஐவி உள்ள குழந்தைகளைப் பார்க்கும் சின்ன கிளினிக் ஒன்றில் என் தங்கை மகள் வேலை செய்கிறாள். "பெரியம்மா, வரும்போது நல்ல தராசு ஒன்று வாங்கிட்டு வாங்க" என்றாள். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு மருத்துவப் பொருள் கடையில் இதை வாங்கினேன்.

தராசுக்கா இவ்வளவு பேச்சு என்று நினைக்க வேண்டாம். எச்ஐவி மருந்துகளான அபாகவிர், டோலுடெக்ராவிர், லாமிவுடின் மூன்றும் சேர்ந்த, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் குழந்தை மாத்திரை எடையைப் பார்த்துத்தான் தரப்படுகிறது. 6 கிலோ முதல் 10 கிலோவுக்குள் என்றால் நாளைக்கு 3 மாத்திரை. 10 கிலோவைத் தொட்டுவிட்டால் 4. பிள்ளை வளர்ந்து, மாத்திரை மட்டும் பழைய கணக்கிலேயே நின்றால் மருந்து போதாது. ஆய்வுக்கூடம் தொலைவில் இருக்கும் ஊரில் மருந்து வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தத்தின் வைரஸ் அளவு தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். எடை அங்கேயே தெரிந்துவிடும்.

அம்மா ஏறி நின்றதும் பொத்தானை அழுத்தினால் சுழியம் காட்டுகிறது. அப்புறம் பிள்ளையைக் கையில் கொடுத்தால் அதன் எடை மட்டும் வருகிறது. அழுது திமிறும் பிள்ளைக்கு இதுதான் சரி. அரிசிப் பையை வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன், எண் அசையவில்லை.

குறை? அரை நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. பிள்ளையின் சட்டையைக் கழற்றுவதற்குள் மறுபடி முதலிலிருந்து! பேட்டரி மூடியும் லொடலொட. கேட்டால், "அது அப்படித்தான்க்கா" என்கிறார் கடைக்காரர். எந்த ஊரிலும் கிடைக்கும் டபுள் ஏ பேட்டரி என்பதால் விட்டுவிட்டேன். நான்கு நட்சத்திரம், மூடிக்கு டேப் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.