வைத்துக்கொள்வதா, விற்பதா? ஃபெண்டர் ’65 டீலக்ஸ் ரிவெர்ப்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

2014ஆம் ஆண்டு நியூ ஜெர்சியில் 700 டாலருக்குப் பழைய பொருளாக வாங்கி, 2019இல் வீட்டுச் சாமான்களோடு கப்பலில் சென்னைக்கு வந்து சேர்ந்த என் ஃபெண்டர் ’65 டீலக்ஸ் ரிவெர்ப் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு இதுவரை மூன்று முறை விற்பனை விளம்பரம் எழுதியிருக்கிறேன். முதல் முறை, படம் எடுப்பதற்காகத் தூசி துடைத்தவன், சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கிட்டாரை இணைத்து இரவுச் சாப்பாடு வரைக்கும் வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை வந்தவர் சொன்ன விலை பிடிக்கவில்லை. மூன்றாம் முறை, இந்த இழுபறிக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று நோட்டு ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் குறிப்பெடுத்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதுவதால், புதிதாக வாங்க நினைப்பவரைவிட, கையில் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று விழிப்பவருக்கே இது அதிகம் பயன்படும்.

இந்த ஆம்ப்ளிஃபயரில் (சுருக்கமாக ஆம்ப்) ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களை அமெரிக்கர்கள் டியூப் என்பார்கள்; அவற்றை நம் வீடுகளில் ரேடியோ காலத்திலிருந்தே வால்வு என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், தமக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாமலே உருவாக்கிய நிறுவனத்தின் கருவி இது. கறுப்பு முகப்புடைய மூல டீலக்ஸ் ரிவெர்ப் 1963 முதல் 1967 வரை வெளிவந்தது. இடையில், 1965 ஜனவரியில், நிறுவனம் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் கைக்கு மாறியது. என்னிடம் இருப்பது 1993இல் தொடங்கிய மறுபதிப்பு வரிசையைச் சேர்ந்தது. மின்சுற்றின் அமைப்பு பழையதுதான் என்றாலும், பாகங்கள் கையால் இணைக்கப்படாமல் அச்சிட்ட பலகையில் பற்றவைக்கப்பட்டுள்ளன. திறன் 22 வாட். இரண்டு 6வி6 வால்வுகள், நான்கு 12ஏஎக்ஸ்7, இரண்டு 12ஏடி7, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையராக ஒரு 5ஏஆர்4 என மொத்தம் ஒன்பது வால்வுகள், 12 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர் ஒன்று. எடை ஏறக்குறைய 19 கிலோ. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒருவனுக்கு அந்தக் கடைசி எண்ணே ஒரு மதிப்புரை.

இதன் பெருமை முழுவதும் சுத்தமான ஒலியில் இருக்கிறது. கம்பியைத் தட்டியதும் மேல் சுரங்கள் கண்ணாடி போலத் தெளிந்து எழுகின்றன. கீழ்ச் சுரங்கள் சற்றே மெத்தென்று அமர்கின்றன. நடுப்பகுதி பின்வாங்கி, பாடுபவரின் குரலுக்கு இடம் விடுகிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் தேவாலயத்தின் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். அங்கே அறுபது வயதுப் பெண்களின் குரல்களுக்கு அடியில் நின்று, அவற்றை அமுக்காமல் தாங்குகிற ஒலி இது. நடுச்சுரங்களைக் கூட்டிக் குறைக்கத் தனிக் குமிழ் கிடையாது என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. திருக எதுவும் இல்லாததால் வாசிப்பதில் கவனம் போகிறது. உள்ளே கிடைமட்டமாகக் கிடக்கும் தகரப் பெட்டியில் சுருள்கம்பிகள் அதிர்ந்து எழுப்பும் எதிரொலிதான் ரிவெர்ப். அதன் குமிழை இரண்டரைக்கு மேல் வைத்தால் பாடல் கிணற்றுக்குள் போய்விடும், அதற்குக் கீழே வைத்தால் சிறிய அறை பெரியதாகிவிடும். பெட்டியை யாராவது இடித்துவிட்டால் அந்தக் கம்பிகள் இடி இடித்தது போல உறுமும் என்பதைப் பாடகர் குழுவின் சிறுவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். முகப்பில் ‘வைப்ரேட்டோ’ என்று எழுதியிருப்பதோ உண்மையில் ட்ரெமோலோ. சுருதி அசைவதில்லை, ஒலியின் அளவுதான் கூடிக் குறைகிறது. லியோ ஃபெண்டர் தம் கிட்டார்களிலும் ஆம்ப்களிலும் இந்த இரண்டு சொற்களையும் இடம் மாற்றியே பயன்படுத்தினார்.

இனி, விற்றுவிடு என்று நண்பர்கள் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன். வீட்டில் இவ்வளவு சத்தம் எதற்கு என்பதே அது. 22 வாட் என்பது காகிதத்தில் சிறிய எண். ஆனால் இவ்வகை ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கே ஒரு மீட்டர் தொலைவில் நூறு டெசிபெலை நெருங்கும் என்பதால், முழுத் திறனில் 110 டெசிபெல் அளவுக்குப் போய்விடும். நம் நாட்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபெல்தான் வரம்பு. திறனைப் பாதியாக்கினால் குறைவது வெறும் 3 டெசிபெல். காதுக்குப் பாதியாகக் கேட்க வேண்டுமானால் திறனைப் பத்தில் ஒரு பங்காக்க வேண்டும், அதாவது 2.2 வாட். ஆகவே 15 வாட் வால்வு ஆம்ப் ஒன்றை வாங்கினால் பக்கத்து வீட்டார் தூங்குவார்கள் என்று நம்புகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வால்வுகள் திணறத் தொடங்கும்போது பிறக்கும் அந்த இதமான கரகரப்பு, இந்தக் கருவியில் ஒலிக் குமிழ் ஏறக்குறைய 5ஐத் தொட்ட பிறகே வருகிறது. அடுக்குமாடி வீட்டில் அந்த இடத்துக்குப் போக முடியாது. ராக் வாசிப்பவர், அந்தக் கரகரப்புக்காகவே இதை வாங்கியவர், வீட்டை விட்டு வெளியே வாசிக்க இடமில்லாதவர் ஆகியோர் தயங்காமல் விற்றுவிடலாம்.

நண்பர்கள் சொன்னது சரி என்றுதான் நானும் வெகுநாள் நம்பினேன். நோட்டு வேறு கதை சொன்னது. மூன்று மாதத்தில் 58 மணி நேரம் வாசித்திருக்கிறேன். அதில் ஏறக்குறைய 50 மணி நேரம் குமிழ் 3ஐத் தாண்டவில்லை. வால்வு ஆம்ப் என்றால் உரக்க வைத்தால்தான் உயிர் பெறும் என்று எல்லோரும் சொல்வது கரகரப்பு ஒலியைப் பற்றிய உண்மை. சுத்தமான ஒலி, சுருள்கம்பி ரிவெர்ப், ட்ரெமோலோ ஆகிய மூன்றும் 2இல் வைத்தாலும் அப்படியே இருக்கின்றன, நான் வாசிப்பதும் அந்த மூன்றையுமே. பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோமே என்று இத்தனை நாள் குற்ற உணர்வு கொண்டது, எனக்குத் தேவையே இல்லாத ஒரு திறமையைப் பற்றித்தான்.

குறைந்த ஒலியில் ஒரு தொல்லை மட்டும் உண்டு. இதில் கிட்டாரை இணைக்க நார்மல், வைப்ரேட்டோ என்று இரண்டு சேனல்கள் இருக்கின்றன. வைப்ரேட்டோ சேனலின் ஒலிக் குமிழோடு 47 பைக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்று இணைந்திருக்கிறது. குமிழைக் குறைக்கக் குறைக்க உயர் சுரங்கள் மட்டும் அதன் வழியே தப்பித்து வருவதால், 2இல் வைக்கும்போது ஒலி சற்றுக் கூர்மையாகக் காதைக் குத்தும். உயர் சுரங்களுக்கான ட்ரெபிள் குமிழை 4க்கு இறக்கிவிட்டால் போதும். நார்மல் சேனலில் அந்த மின்தேக்கி இல்லை. ஆனால் அங்கே ரிவெர்ப்பும் இல்லை. சிலர் மின்தேக்கியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். நான் செய்யவில்லை.

என் தயக்கத்துக்கு உண்மையான காரணம் சத்தமல்ல, மின்சாரம். அமெரிக்காவில் விற்பனையான மாதிரி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. மின்னழுத்தத்தை மாற்றும் சுவிட்ச் அதில் கிடையாது. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் தனியாக ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். என்னுடையது 500 வாட், நான்கு கிலோவுக்கு மேல். அது வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. ஆம்ப்புக்குள் இருக்கும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரில் 60க்கு அளவெடுத்த இரும்பு உள்ளகம் 50இல் சற்றுக் கூடுதலாகவே சூடாகும். மேலும் ஸ்டெப்-டவுன் ஒரு விகிதத்தில்தான் குறைக்கிறது. முன்பெல்லாம் எங்கள் தெருவில் பின்னிரவில் மின்னழுத்தம் 250க்கு ஏறும்போது ஆம்ப்புக்கு 130 போனது; 6.3 வோல்ட்டில் எரிய வேண்டிய வால்வு இழைகள் 6.8இல் எரிந்தன. ஒன்பது வால்வுகளின் இழைகளையும் சூடாக வைத்திருப்பதற்கு மட்டும் 26 வாட்டுக்கு மேல் செலவாகிறது என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கருக்குப் போகும் அதிகபட்சத் திறனைவிட அது அதிகம். சித்திரை மாதத்தில் இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கணக்கு தேவைப்படாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மின்தடை நீங்கி மின்சாரம் பாய்ந்து வந்த நொடியில் ஃப்யூஸ் போனது. நான் சுவிட்சை அணைத்து வைக்காததே தவறு. முதலில் கொண்டுபோன கடையில் பின் மூடியைக்கூடக் கழற்றாமல் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்றார்கள். பிறகு, பழைய ரேடியோக்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் மின்தேக்கிகளில் தங்கியிருந்த மின்னூட்டத்தை முதலில் வடித்துவிட்டு, “இதுல 400 வோல்ட்டுக்கு மேல நிக்கும் தம்பி, அணைச்சிட்டோம்னு கையை விட்றாதீங்க” என்று எச்சரித்த பின், ரெக்டிஃபையர் வால்வை மட்டும் மாற்றி, 6வி6 வால்வுகளின் பயாஸை (ஓய்வில் அவற்றில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை) அளந்து சரிசெய்து, அரை மணி நேரத்தில் பாட வைத்தார். அதன் பிறகு ஃப்ரிட்ஜுக்கு வைப்பது போன்ற ஸ்டெபிலைசர் ஒன்றை முன்னால் வைத்துவிட்டேன். ஆக, ஒரு கிட்டாருக்குப் பின்னால் மூன்று பெட்டிகள்.

வால்வு கிடைக்குமா என்ற கவலை நியாயமானதே. ஒரு காலத்தில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. இன்று கிட்டார் ஆம்ப் வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தே வருகின்றன. 2022இல் ரஷ்யாவின் ஏற்றுமதி திடீரென்று நின்றபோது உலகம் முழுவதும் தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்ததை அனுபவித்தோம். அப்போது ஒரு ஜோடி 6வி6 வாங்கி அலமாரியில் வைத்தேன், இன்னும் பிரிக்கவில்லை. சிறிய வால்வுகள் பல ஆண்டுகள் உழைக்கும். என்னுடைய ஆறில் ஒன்றைத்தான் இதுவரை மாற்றியிருக்கிறேன்.

விற்றால் அதற்குப் பதில் என்ன வாங்குவது? இதே நிறுவனம் 2019இல் வெளியிட்ட டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப்பை ஒரு பிற்பகல் முழுவதும் வாசித்துப் பார்த்தேன். வால்வே இல்லாமல் டிஜிட்டல் முறையில் இதே ஒலியைத் தருகிறது. எடை பத்தரைக் கிலோதான். பின்புறச் சுவிட்சைத் திருப்பினால் திறனை 0.2 வாட் வரை இறக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என்னால் அடையாளம் சொல்ல முடிந்திருக்காது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். விரலில்தான் ஒரு வேறுபாடு தெரிந்தது: கம்பியை அழுத்தி அடிக்கும்போது என் பெட்டி ஒரு கணம் மூச்சு வாங்கிப் பிறகு எழும், ரெக்டிஃபையர் வால்வில் அந்த நொடி மின்னழுத்தம் சற்றுத் தாழ்வதே காரணம். டோன் மாஸ்டரிலும் அது உண்டு, ஆனால் என் கை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. இது பழக்கமாகவும் இருக்கலாம். இன்று புதிதாக வாங்குகிற ஒருவருக்கு, அதுவும் மாடிப்படி ஏறுபவருக்கு, நான் அதையே பரிந்துரைப்பேன். பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா போன்ற விலை குறைந்த ஆம்ப்கள் பயிற்சிக்குப் போதும். ஆனால் இதற்கு ஈடாக அவற்றைப் பேசுவதில் பொருளில்லை.

என் பெட்டிக்கு வந்த விலையோ 45,000 ரூபாய். 120 வோல்ட் என்று கேட்டதும் எல்லோருமே ஒரு படி இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் டோன் மாஸ்டரில் பாதிகூட வராது. அப்படியானால், விற்க வேண்டும் என்று என்னை உந்துவதும், விற்றால் விலை வராமல் தடுப்பதும் ஒரே பாகம்தான். ரேடியோ பெரியவரிடம் மறுபடி சென்று, 230 வோல்ட்டுக்கான மெயின் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிப் பொருத்த முடியுமா என்று கேட்டேன். முடியும், பழையதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற மாற்று டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்குச் சொல்லி வைத்து, சென்ற வாரம் முன்பணமும் கொடுத்துவிட்டேன். அது வந்து சேர்ந்தால் மூன்று பெட்டிகளில் ஸ்டெப்-டவுன் மட்டும் குறையும். ஸ்டெபிலைசர் இருக்கும், 19 கிலோவும் மூன்று மாடியும் அப்படியேதான் இருக்கும்.