அப்பாச்சி கேமல்: நிறுவனங்களுக்கிடையே வணிக ஆவணங்களைக் கொண்டு சேர்க்கும் மென்பொருள் குறித்த மதிப்புரை

இரண்டு நிறுவனங்களின் கொள்முதல் மற்றும் கணக்கு மென்பொருள்களை இணைக்க வேண்டும் என்றதும், எந்தக் கருவியில் எத்தனை இணைப்பான்கள் இருக்கின்றன என்றுதான் முதலில் கேட்போம். நானும் அப்படித்தான் கேட்டேன். அப்பாச்சி கேமலைக் கொண்டு மூன்று ஆண்டுகளாக ஆர்டர்களையும் விலைப்பட்டியல்களையும் பரிமாறிக்கொண்ட பிறகு, இப்போது வேறொன்றை முதலில் கேட்கிறேன்: வடிவத்தில் சரியாகவும் பொருளில் தவறாகவும் வந்து சேரும் ஆவணத்தை இந்தக் கருவியில் எந்த இடத்தில் நிறுத்தி வைக்க முடியும்?

கேமல் ஜாவா நிரல்மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள். 2007 முதல் வெளிவருகிறது. உரிமக் கட்டணம் இல்லை. கிரெகர் ஹோப்பும் பாபி வுல்ஃபும் 2003இல் தங்கள் நூலில் தொகுத்த ஒருங்கிணைப்பு வடிவங்களை (மென்பொருள்களை இணைப்பதில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கான தீர்வு முறைகளை) நிரல் வடிவில் தருவதே இதன் அடிப்படை. ஆவணம் எங்கிருந்து வருகிறது, வழியில் என்னென்ன செய்யப்படுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்பதை ஒரு ‘ரூட்’ ஆக எழுதுகிறோம். அதை ஜாவாவிலும் எழுதலாம், தரவைக் குறிச்சொற்களோடு எழுதும் எக்ஸ்எம்எல் வடிவத்திலும் எழுதலாம். எங்கள் ஆர்டர் ரூட் ஏறத்தாழ ஒரு பக்கம்தான்: வணிக ஆவணங்களைப் பாதுகாப்பாக இணையத்தில் அனுப்பும் ஏஎஸ்2 நெறிமுறை வழியாக ஆவணத்தைப் பெறுவது, ஆவணத்தின் கட்டமைப்பை வரையறுக்கும் ஸ்கீமாவைக் கொண்டு சரிபார்ப்பது, வணிக விதிகளைச் சோதிப்பது, எங்கள் உள் வடிவத்துக்கு மாற்றுவது, வரிசையில் சேர்ப்பது. நிரல் எழுதாத கொள்முதல் அலுவலர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, எந்தப் படியில் எது நடக்கிறது என்று சரியாகச் சொன்னார். இந்தத் தெளிவுக்காகவே கேமலைப் பரிந்துரைப்பேன்.

ஆவணங்களுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது தரங்களை வகுக்கும் ஒயாசிஸ் அமைப்பின் யூபிஎல் 2.1 என்ற வணிக ஆவணத் தரம். 2013இல் வெளியான இந்தத் தரத்தில் ஆர்டர், அனுப்புகை அறிவிப்பு, விலைப்பட்டியல் உட்பட 65 வகை ஆவணங்களுக்கு எக்ஸ்எம்எல் ஸ்கீமா உண்டு. 2015இல் இது ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. ஒரு பங்காளி நிறுவனம் தன் பழைய வடிவத்தை விட மறுத்தாலும் சிக்கல் இல்லை, அந்த நிறுவனத்துக்கென்று ஒரு எக்ஸ்எஸ்எல்டி கோப்பை (ஒரு எக்ஸ்எம்எல் வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் விதிகள்) எழுதி ரூட்டில் வைத்துவிடலாம். மாற்றும் விதிகள் நிரலுக்கு வெளியே தனிக் கோப்பில் இருப்பதால், அந்த நிறுவனம் ஒரு புலத்தைச் சேர்க்கும்போது அந்தக் கோப்பை மட்டும் தொட்டால் போதும்.

ஆனால் ஸ்கீமா சோதனையோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நாங்கள் அனுப்பிய ஓர் ஆர்டரில் அளவு 12 என்று இருந்தது. அலகுக் குறியீடு இல்லை. நாங்கள் நினைத்தது 12 பெட்டி, விற்பனையாளரின் மென்பொருள் எடுத்துக்கொண்டது 12 எண்ணிக்கை. யூபிஎல் ஸ்கீமாவில் தொகைக்கு நாணயக் குறியீடு கட்டாயம், அளவுக்கு அலகுக் குறியீடு கட்டாயமில்லை. ஆகவே இரு பக்கமும் நடந்த சோதனையில் அந்த ஆவணம் எந்தப் பிழையும் இல்லாமல் தேறியது. பன்னிரண்டு பொருள்கள் மட்டும் வந்து இறங்கிய பிறகுதான் எங்களுக்கே விஷயம் புரிந்தது. அதன் பின் ‘அலகு இல்லாத அளவு ஏற்கப்படாது’, ‘பொருள்வாரித் தொகைகளின் கூட்டல் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும்’ போன்ற விதிகளை, எக்ஸ்எம்எல் ஆவணத்தின் உள்ளடக்கத்தைச் சோதிக்கும் ஸ்கிமட்ரான் மொழியில் எழுதினோம். கேமலில் இதற்கென்றே ஒரு கூறு இருப்பதால், ஸ்கீமா சோதனைக்கு அடுத்த படியாக அதைச் சேர்க்கச் சில வரிகளே தேவைப்பட்டன. விதிகளை இரு நிறுவனத்தாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதற்குத்தான் வாரக்கணக்கில் ஆனது. அந்த வேலையை எந்த மென்பொருளும் நமக்காகச் செய்து தராது.

ரசீது பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4130 என்ற இணையத் தர ஆவணம் ஏஎஸ்2 நெறிமுறையை வரையறுக்கிறது. அதன்படி பெறுபவர் திருப்பி அனுப்பும் கையொப்பமிட்ட எம்டிஎன் ரசீது, செய்தி வந்து சேர்ந்தது, மறைக்குறியாக்கம் பிரிந்தது, கையொப்பம் சரியாக இருந்தது என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. ஆர்டரை ஏற்றுக்கொண்டோம் என்று அதற்குப் பொருள் இல்லை. அதைச் சொல்ல யூபிஎல்லில் ‘ஆர்டர் பதில்’ என்ற தனி ஆவணம் இருக்கிறது. எம்டிஎன் ரசீது தாமதமானால் அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார், ஒரே ஆர்டர் இருமுறை வந்து நிற்கும். ஏற்கெனவே வந்தவற்றின் அடையாளங்களைப் பட்டியலிட்டு வைக்கும் கேமலின் ‘ஐடெம்பொடென்ட் கன்ஸ்யூமர்’ இதைத் தடுக்கிறது. ஆனால் எதை அடையாளமாகக் கொள்வது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். செய்தி எண்ணைக் கொடுத்தால் பயன் இல்லை, ஏனென்றால் எங்களுக்கு மறுமுறை அனுப்பிய நிறுவனம் புதிய செய்தி எண்ணோடு அனுப்பியது. வாங்குபவரின் அடையாளத்தையும் ஆர்டர் எண்ணையும் எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லில் வேண்டிய பகுதியைத் தேடி எடுக்கும் மொழி) மூலம் எடுத்துச் சேர்த்துக் கொடுத்ததும் சரியானது. இன்னொன்று: இந்த அடையாளப் பட்டியலை நினைவகத்தில் வைத்தால் அது சர்வர் மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். முதல் நாளே அதைத் தரவுத்தளத்தில் வைத்துவிடுங்கள்.

பெரிய கோப்புகளில் எக்ஸ்பாத்தைக் கொண்டு பிரித்தால் முழு ஆவணமும் நினைவகத்துக்கு ஏறிவிடும். ஸ்ட்ரீமிங் முறையில், அதாவது கோப்பைப் படிக்கப் படிக்கவே சிறு டோக்கன்களாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது, அதையே பயன்படுத்த வேண்டும். வெளியாரிடமிருந்து வரும் எக்ஸ்எம்எல்லில் டிடிடியையும் (ஆவணத்துக்குள்ளேயே எழுதப்படும் கட்டமைப்பு வரையறை) வெளி என்டிட்டிகளையும் (வெளிக் கோப்புகளை உள்ளே இழுக்கும் குறிப்புகள்) அனுமதிக்காமல் இருப்பது பாதுகாப்புக்கு அவசியம்.

குறை என்று சொன்னால், இது நிரலாளர்களுக்கான கருவி. பங்காளி நிறுவனங்களின் விவரம், சான்றிதழ்கள், ஒப்புக்கொண்ட ஆவண வகைகள் ஆகியவற்றை நிர்வகிக்க ஆயத்தத் திரை எதுவும் இதில் கிடைக்காது. கட்டணம் கொடுத்து வாங்கும் ஆவணப் பரிமாற்ற மென்பொருள்கள் பலவற்றில் அது உண்டு. கையொப்பச் சான்றிதழ் காலாவதியாகும் நாளை முப்பது நாள் முன்னதாக எச்சரிக்க, டைமர் வைத்து நாங்களே ஒரு ரூட் எழுத வேண்டியிருந்தது. 2023இல் வந்த நான்காம் பதிப்புக்கு ஜாவா 17 தேவை, அதனால் பழைய சர்வர்களில் இருப்பவர்கள் மேம்படுத்தும் வேலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு நிறுவனத்தோடு நாளுக்கு ஒரு கோப்பைப் பரிமாறுவோருக்கு இது தேவைக்கு மிஞ்சிய ஏற்பாடு. ஆளுக்கொரு வடிவத்தில் அனுப்பும் ஐந்தாறு பங்காளிகளும், ஜாவா தெரிந்த இரண்டு பேரும் இருக்கும் நிறுவனத்துக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தொடங்கும்போது ஒவ்வொரு பங்காளியிடமும் சரியான மாதிரி ஆவணங்களோடு, அவர்களுடைய மென்பொருள் முன்பு நிராகரித்த ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள். எங்கள் ஸ்கிமட்ரான் விதிகளில் பாதிக்கு மேல் அந்த நிராகரிப்புகளிலிருந்துதான் பிறந்தன.