19 வருடம் கழித்து வயலின்: ஹட்டன் குளிரில் 14 மாத அனுபவம்

வட இலங்கை சங்கீத சபையின் நாலாம் தரப் பரீட்சையோடு மூடிவைத்த பெட்டியை 19 வருடம் கழித்துத் திறந்தேன். உள்ளே ஒரே பூஞ்சணம். வில்லின் மயிரில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. வயலின் தப்பியிருந்தது.

அதையும் முதல் நாளே கெடுத்தேன். துருப்பிடித்த நாலு தந்தியையும் ஒரேயடியாகக் கழற்ற, உள்ளே 'டொக்' என்று ஏதோ விழுந்து உருண்டது. மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவே, தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற மரத்துண்டுக்குக் கிட்ட, பசையில்லாமல் இறுக்கத்தில் மட்டுமே நிற்கிற குச்சி அது. தந்தியின் அழுத்தம் போனதும் சாய்ந்துவிட்டது. அதை நிமிர்த்தக் கொழும்புக்கு ரயில் ஏறினேன். தந்தி மாற்றுவதென்றால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

இடது கை அவ்வளவாக மறக்கவில்லை. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடம் ஒரே வாரத்தில் இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம், வரை வந்தது. வலது கைதான் புதிதாய்ப் பிறந்ததுபோல் இருந்தது. வில் நேராக ஓடாமல் விரல்பலகைப் பக்கம் சறுக்கும். மூன்று மாதம் நீண்ட வில்லில் ச-ப-ச-ப, பிறகு சரளி, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆயா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "என்னா புள்ள, இன்னும் அதே படியிலதான் ஏறி எறங்குறியா?"

ஆனால் பெரிய சண்டை இந்த ஊர் ஈரத்தோடுதான். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் பிரடை, அதாவது தந்தியை முறுக்கும் மர ஆணி, ஊதி இறுகிவிடும். பென்சில் கரி தேய்த்தால் கொஞ்சம் இளகும். பெப்ரவரி வெயிலில் அதே பிரடை தானாகவே சுழன்று சுருதியைக் கீழே இறக்கும், அதற்குச் சோக்குக்கட்டி. மழை நாளில் வில்லின் திருகாணியை எவ்வளவு முறுக்கினாலும் மயிர் தொய்ந்தே கிடக்கும். அப்புறம் எண்ணெய். சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு விரல் வழுக்கத் தேங்காயெண்ணெய் ஒரு துளி தொட்டுக்கொள்ளச் சொன்னவர் என் டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே விடியற்காலையில் அது போத்தலுக்குள் வெள்ளையாய் உறைந்திருக்கும். அடுப்படியில் உருக்கிய பிறகுதான் சாதகப் பயிற்சி.

நாலு தந்திக்கும் சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் சிறு திருகாணி (ஃபைன் டியூனர்) போட்டது நல்ல முடிவு. சுருதி பிடிக்கப் போனில் தம்புரா செயலி போதும். முள் காட்டும் டியூனரை அழித்துவிட்டேன். கண் அதிலேயே நிற்கிறது, காது தூங்குகிறது.

மோகன ராக வர்ணம் இன்னும் முதல் காலத்தில்தான், அதன் பிற்பகுதியான சரணத்தில் நிற்கிறேன். பெட்டியை இனி மூடவே மாட்டேன் என்று எழுத ஆசைதான். இந்த மூடுபனியில் அது நடக்காது. தினமும் வில்லைத் தளர்த்தி, சிலிக்கா பொட்டலம் போட்டு மூடுகிறேன்.