பல்ஸ் ஆக்சிமீட்டர் ரிவ்யூ: படுத்து ஒரு தடவ, நின்னு ஒரு தடவ பாருங்க

கொரோனா ரெண்டாவது அலையில எங்கயும் ஸ்டாக் இல்லாம அலைஞ்சு வாங்கின மெஷின், விரல்ல மாட்டினா ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம்னு காட்டும். கம்பெனி பேரு வேணாம், இந்த விலைக்கு கிடைக்கிறது எல்லாம் கிட்டத்தட்ட ஒன்னுதான். ரிமோட்டுக்கு போடுற மெல்லிசு பேட்டரி ரெண்டு. வெயில்ல டிஸ்ப்ளே சுத்தமா தெரியாது, விரல் சில்லுனு இருந்தா இஷ்டத்துக்கு காட்டும், நெயில் பாலிஷ் இருந்தா அழிச்சிட்டு மாட்டுங்க. கருத்த தோலுக்கு நிஜத்துல இருக்கறத விட கொஞ்சம் கூட்டியும் காட்டலாம்.

அப்படியும் நாலு ஸ்டார் குடுக்கறேன்னா எங்க அக்காவால.

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், ஆஸ்துமானு இன்ஹேலர், ரத்தசோகைனு இரும்பு மாத்திரை. சின்ன வயசுலேர்ந்து மூக்குல ரத்தம் வேற வரும், உடம்பு சூடுன்னு அம்மா எண்ணெய் தேச்சு விடுவாங்க. ஒரு நாள் இத மாட்டினா படுத்திருக்கறப்ப 93, எழுந்து நின்ன கொஞ்ச நேரத்துல 86! பேட்டரி மாத்தி, விரல் மாத்தி, என் கையில மாட்டி பாத்தா எனக்கு 98. பொதுவா படுத்தா மூச்சு முட்டுதுன்னுதானே சொல்வாங்க, இங்க உல்டா.

நுரையீரல் டாக்டர் இந்த ரெண்டு நம்பரையும் கேட்டுட்டு நேரா உதட்டையும் நாக்கையும்தான் பாத்தார், குட்டி குட்டியா சிவப்பு புள்ளி. அடுத்து பபுள் எக்கோ, அதாவது குமிழி விட்டு இதயத்த ஸ்கேன்ல பாக்கறது. சலைன நுரை வர கலக்கி கை நரம்புல ஏத்துவாங்க, அந்த குமிழி நுரையீரல்லயே வடிகட்டி நின்னுடணும், அக்காவுக்கு நாலஞ்சு துடிப்புலயே இதயத்தோட இடது பக்கம் வெள்ளை வெள்ளையா வந்து விழுந்துச்சு. பல்மனரி ஏவிஎம்மாம், சிடி ஸ்கேன்லயும் உறுதியாச்சு. அதாவது நுரையீரல்ல தமனியும் சிரையும் நேரா ஒட்டிக்கிட்டு, ரத்தம் காத்தையே பாக்காம குறுக்கு வழியில தாவிடுது, அதான் மாஸ்க்ல ஆக்சிஜன் வச்சும் பெருசா ஏறல. இது பெரும்பாலும் நுரையீரலோட அடிப்பக்கம் இருக்குமாம், நின்னா ரத்தம் கீழ இறங்கி அந்த குறுக்கு வழியில அதிகமா போறதால ஆக்சிஜன் அளவு விழுது.

தொடை ரத்தக்குழாய் வழியா ட்யூப் விட்டு, குட்டி மெட்டல் சுருள் வச்சு அந்த குறுக்கு வழிய அடைச்சாங்க, இப்போ நின்னாலும் 96. பல் புடுங்கறதுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் கட்டாயம்னு சொல்லியிருக்காங்க, ஏன்னா வடிகட்டி இல்லாத வழியில கிருமியோ ரத்தக்கட்டியோ நேரா மூளைக்கு போயிடலாம், ஸ்ட்ரோக் வரைக்கும் போகும். மூக்குல ரத்தம், சிவப்பு புள்ளி, இந்த ஏவிஎம் எல்லாத்துக்கும் காரணம் ரத்தக்குழாய பாதிக்கிற ஹெச்ஹெச்டினு ஒரு பரம்பரை வியாதி, சுமாரா 5000 பேர்ல ஒருத்தருக்கு இருக்குமாம், பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு 50 சதவீதம் சான்ஸ். அதனால எங்க எல்லாருக்கும் பபுள் எக்கோ எடுக்கணும்னாங்க. எனக்குத்தான் 98 காட்டுதேன்னு கேட்டேன், சின்ன ஏவிஎம்னா இந்த மெஷின்ல நார்மலாத்தான் காட்டும்னார் டாக்டர். இதோட லிமிட்டு அவ்ளோதான்.

வாங்கறவங்க நம்பரோட நாடித்துடிப்போட அலைக்கோடும் ஓடுற மாடலா பாருங்க, கோடு ஒழுங்கா வந்தாத்தான் அந்த நம்பர நம்பலாம். கூட வர்ற கயிறு வேஸ்ட்டு.