பழைய 72 சிசி மெஷின் ரம்பம்: தேரி மணலிலும் உடை மரத்திலும் நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

ஸ்டில் கம்பெனியின் 038 மேக்னம் ரம்பமும் அதன் வழியில் வந்த எம்எஸ் 380-உம் செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், பார்த்து வாங்கினால். 72 சிசி, 52 மி.மீ. பிஸ்டன். 380-க்குப் பாரும் (செயின் ஓடும் நீளத் தகடு) செயினும் இல்லாமலே 6.6 கிலோ எடை. காய்ந்த புளி, வைரம் பாய்ந்த வேம்பு, தூர் பெருத்த சீமை உடை (சீமைக் கருவேலம்) என்றால் அலுங்காமல் இறங்கும். முருங்கை கழிக்கவும் வேலிக்கால் வெட்டவும் இதை வாங்கினால் தோள்பட்டை வலிதான் மிச்சம். அதற்கு 40 சிசி மெஷின் போதும். இன்னும் பழைய 070 வேறு சாதி. 106 சிசி, பத்து கிலோவுக்கு மேல் எடை, .404 அங்குல பிட்ச் பெருஞ்செயின், செயின் பிரேக் கிடையாது. தரையில் கிடக்கும் பெருந்தடியைத் துண்டு போட மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். நிற்கிற மரத்துக்கு வேண்டாம்.

திருநெல்வேலிச் சீமையில் இந்த மெஷின்களை முடிப்பது மரத்தின் கடினத்தைவிட மண்தான். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் தேரி மணல் (செம்மணல் மேட்டு மண்) மரப்பட்டைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆனி, ஆடிக் காற்றில் அந்தப் புழுதி ஏர் ஃபில்டரைத் தேடி வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் ஒதுங்கிய தடிகளில் வண்டல் எவ்வளவு ஆழம் ஏறியிருந்தது என்பது அதை அறுத்தவர்களுக்குத் தெரியும்: ஒரே வெட்டில் செயின் மொட்டை.

வாங்கும் இடத்தில் மெஷின் சூடாக இருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டிங் குறை தெரியாது. ஆஃப் செய்த நிலையில், டீகம்ப்ரஷன் பட்டனை (கயிறு இழுக்கச் சுலபமாக்கும் பட்டன்) அமுக்காமல், ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்க விடுங்கள். விட்டுவிட்டு, தயங்கித் தயங்கி இறங்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் ரிங் போயிருக்கிறது. கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் 150 பிஎஸ்ஐ நல்லது. 120-க்குக் கீழே போனால் சிலிண்டர் வேலையை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்து சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். துவாரம் வழியே பிஸ்டன் தெரியும். இந்தப் பக்கம் நெடுக்குக் கோடுகள் இருந்தால் ஆயில் குறைந்தோ, கலவை ஒல்லியாகியோ (பெட்ரோல் குறைந்து காற்று கூடியோ), சூட்டில் பிடித்திருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் கோடு இருந்தால் ஃபில்டரைத் தாண்டிப் புழுதி போயிருக்கிறது. முதல் வகையில் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் பிடிக்கும். இரண்டாவது வகையில் கிராங்க் பேரிங்கும் மண் தின்றிருக்கும். கிளட்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் துளியும் கூடாது. கடைசியாகக் கைப்பிடி ரப்பர்களைப் பாருங்கள். கிழிந்திருந்தால் பார் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும்.

பழைய மெஷினில் எல்லாரும் கார்புரேட்டரைக் குற்றம் சொல்வார்கள். பாதி நேரம் அது காற்றுக் கசிவு. ஐடிலில் ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் உடனே இறங்காது. மெஷினைச் சாய்த்தால் வேகம் மாறும். இந்த மூன்றும் சேர்ந்தால் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டு நிற்காதீர்கள். கிராங்கின் இரண்டு பக்க ஆயில் சீல், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர், இம்பல்ஸ் ஹோஸ் (கிராங்க் அறையின் காற்றுத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும் குழாய்) ஆகிய மூன்று இடத்தில் ஒன்று வெடித்திருக்கும். துவாரங்களை அடைத்து 0.5 பார் அழுத்தத்தில் காற்றேற்றி இருபது விநாடி நிற்கிறதா பார்ப்பது முறையான சோதனை. சீல் மாற்றக் கிளட்சைக் கழற்றும்போது அது இடது மரை என்பது நினைவிருக்கட்டும். வழக்கமான பக்கம் திருகினால் இன்னும் இறுகும். பிஸ்டனை நிறுத்த ஸ்பேனரைச் செருகாதீர்கள். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஸ்டார்ட்டர் கயிற்றை விட்டால் போதும்.

பெட்ரோல் விஷயம் முன்னைப்போல இல்லை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஸ்க்ரூ நிலையில் கலவை ஒல்லியாகிவிடும். கார்புரேட்டரின் எல் (குறைந்த வேகம்), எச் (முழு வேகம்) ஸ்க்ரூ இரண்டையும் ஒவ்வொரு சுற்றுத் திறந்து ஆரம்பித்து, எச் ஸ்க்ரூவை இன்னும் எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை திறந்து பாருங்கள். வெறுமனே முழு வேகத்தில் ஓட்டும்போது லேசாகத் திக்க வேண்டும். மரத்தில் அழுத்தியதும் அந்தத் திக்கல் தெளிய வேண்டும். கிறீச்சென்று சுத்தமாகக் கத்துகிற மெஷினைப் பார்த்து நல்ல பவர் என்று சொல்வார்கள். அது பிஸ்டன் போகப்போகிற சத்தம். ஆயில் விகிதம்: கம்பெனி டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மி.லி.; வேறு டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 40 மி.லி. கண்ணளவில் ஊற்றும் பழக்கம் இந்த மெஷினோடு ஒத்துவராது. கலந்த பெட்ரோலைக் கடலோர ஈரக் காற்றில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். எத்தனால் தண்ணீரை இழுத்து அடியில் பிரியும். பழைய ரப்பர் ஹோஸும் டயஃப்ரமும் (கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு விறைக்கும். இரண்டையும் வாங்கியவுடன் மாற்றிவிடுவது மலிவு.

செயின்: 3/8 அங்குல பிட்ச் (லிங்க் இடைவெளி), 1.6 மி.மீ. கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் லிங்கின் தடிமன்). 20 அங்குல பாருக்கு 72 லிங்க், 25 அங்குலத்துக்கு 84. கடையில் 1.5 கேஜ் செயினைக் கொடுத்து ‘இதுவும் சேரும்’ என்பார்கள். சேரும், ஆனால் பள்ளத்தில் ஆடி வெட்டைக் கோணலாக்கும். அரம் 5.2 மி.மீ. உருட்டு அரம். பல்லின் மேல்விளிம்புக்கு மேலே அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு தெரிய வேண்டும். வெளிப்பக்கம் தள்ளும்போது மட்டும் ராவ வேண்டும். திரும்பி இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். கோணம் 30 டிகிரி. காய்ந்த உடைக்கும் புளிக்கும் 25 வைத்தால் கூர் கூடுதலாக நிற்கும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கைத் தேய்ப்பு. ஒரு பக்கத்துப் பல் குட்டையானால் வெட்டு கோணலாக வளையும். நாலைந்து தடவை ராவியபின் ரேக்கரை (பல்லுக்கு முன்னால் நிற்கும் மேடு) பல்லைவிட 0.65 மி.மீ. இறக்கத்துக்குத் தேய்க்க வேண்டும். அதற்கு மேல் இறக்கினால் மெஷின் மரத்தைக் கடித்து இழுக்கும், கிளட்ச் புகையும். சீவலாக விழுந்தால் செயின் நல்லது, மாவாக விழுந்தால் நிறுத்தி அரத்தை எடுக்க வேண்டும்.

பனை தனிக் கதை. வெளிச்சுற்றில் இருக்கும் கறுப்பு வைரத்தில் சிலிக்கா உண்டு. பச்சை மரத்தை அறுப்பதைவிடப் பலமடங்கு சீக்கிரம் கூர் போகும். உள்ளே சோறு (நடுவில் உள்ள மென்பகுதி) மெத்தென்று இருப்பதால் அங்கே வேகம் பிடித்து, மறுபக்க வைரத்தில் மோதும்போது கை உதறும். நார் நீளநீளமாக வந்து ஸ்புராக்கெட்டை (செயினை ஓட்டும் பல்சக்கரம்) சுற்றி, ஆயில் துளையையும் அடைக்கும். ஒவ்வொரு டாங்குக்கும் ஒருமுறை சைடு கவரைத் திறந்து நாரை இழுத்தெடுங்கள். குறுக்கே துண்டு போடுவதோடு நிறுத்திக்கொண்டு, பனங்கை பிளப்பதை ஆப்புக்கும் கோடாலிக்கும் விட்டுவிடுவது நல்லது. வெட்டும் முன் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தது.

பாருக்கு வேஸ்ட் ஆயில் (வண்டியில் ஓடிக் கழிந்த எஞ்சின் ஆயில்) ஊற்றுவது ஊரெல்லாம் உள்ள பழக்கம். அதில் இரும்புத் தூள் இருக்கிறது, பம்பைத் தின்னும். புது எஞ்சின் ஆயிலாவது ஊற்றுங்கள். பார் நுனியை வெளிறிய கல்லின் மேல் பிடித்து முடுக்கினால் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். பெட்ரோல் டாங்க் ஒன்று தீரும்போது ஆயில் டாங்க் அநேகமாகக் காலியாகியிருக்க வேண்டும். அப்படியே நிறைந்திருந்தால் துளை அடைத்திருக்கிறது. செயின் ராவும்போதெல்லாம் பாரைத் தலைகீழாக மாற்றிப் போடுங்கள். ஸ்புராக்கெட்டில் 0.5 மி.மீ. பள்ளம் விழுந்தால் மாற்றுங்கள். தேய்ந்த ஸ்புராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் அதையும் அது இழுத்துக் கெடுக்கும். வேலை முடிந்ததும் சூடான செயினைத் தளர்த்திவிடுங்கள். ஆறிச் சுருங்கும்போது கிராங்க் பேரிங்கை இழுக்கும்.

ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். கம்ப்ரஸர் காற்றைக் கிட்டத்தில் அடித்தால் வலை கிழியும். கார்புரேட்டர் வாயை விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகளுக்கு நடுவில் ஆயிலும் தூளும் சேர்ந்து கெட்டிப்பட்டிருக்கும். மாதம் ஒருமுறை கவரைக் கழற்றிச் சுரண்டினால் சூடு குறையும்.

மலிவு விலை சிலிண்டர் செட் வாங்கினால், துவார விளிம்புகளை விரலால் தடவுங்கள். கூராக இருந்தால் ரிங் மாட்டி உடையும். மெல்லிய எமரியால் விளிம்பை மட்டும் மழுங்கச் செய்துவிட்டு, நன்றாகக் கழுவிய பிறகே பொருத்த வேண்டும். பிஸ்டனில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கட்டும். முதல் நாலு டாங்க் வரை எச் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தே ஓட்டுங்கள்.

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் டாங்க்கைக் காலி செய்து, மெஷின் தானாக அணையும்வரை ஓட்டுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு தரம் இழுத்து, பிளக்கை மாட்டித் தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். தை பிறந்து மறுபடி எடுக்கும்போது புது பிளக், 0.5 மி.மீ. இடைவெளி, புதுப் பெட்ரோல்.