பி.டி. பீரியடில் எதை விளையாட வைப்பது? கிரிக்கெட், கபடி, கோ-கோ, ஸ்கிப்பிங்

பி.டி. பீரியட் என்பது பெயருக்கு 40 நிமிடம். வகுப்பிலிருந்து வரிசையாக மைதானத்துக்கு வரவும், முடிந்ததும் கைகால் கழுவித் திரும்பவும் ஆகும் நேரம் போனால் மிஞ்சுவது அரை மணி. வகுப்பில் 40 பேர், ஆசிரியர் ஒருவர். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் 3 நாளாவது எலும்பும் தசையும் வலுப்பெறும் பயிற்சி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் வீட்டுப்பாடம் என்று ஓடும் பிள்ளைக்கு அந்த அரை மணியை விட்டால் வேறு நேரமே கிடையாது. தேர்வு நெருங்கியதும் அதையும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது பெரிய அநியாயம்.

அந்த அரை மணிக்கு எந்த விளையாட்டு பொருத்தம்? நான் பார்ப்பது ஒன்றைத்தான். வகுப்பிலேயே மெதுவாக ஓடுகிற, பந்து கையில் நிற்காத பிள்ளைக்கு எத்தனை நிமிடம் ஆட்டம் கிடைக்கிறது? பள்ளி அணியில் இருக்கும் பையன் எப்படியும் ஓடிவிடுவான். அவனை வைத்துப் பீரியடைத் திட்டமிடத் தேவையில்லை.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது கிரிக்கெட். பேட்டிங் அணியில் இருவர் களத்தில், மற்றவர்கள் மரத்தடியில். ஃபீல்டிங்கில் ஓரமாக நிற்பவனுக்குப் பந்து எப்போதாவது ஒருமுறை வரும். சரியாக ஆட வராத பையனைக் கடைசியில்தான் இறக்குவார்கள். முதல் பந்திலேயே அவுட்டானால் அவன் பீரியட் முடிந்தது. பெண்பிள்ளைகளைப் பல இடங்களில் கூப்பிடுவதே இல்லை. கிரிக்கெட் மட்டமான ஆட்டம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஆடலாம், கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகும். அரை மணிக்கும் 40 பேருக்கும் அது தாங்காது.

கபடிக்கு நம் ஊரில் இருக்கும் பிரியம் நியாயமானதுதான். தொடை, முதுகு, பிடி மூன்றும் உரமேறும். 30 நொடி ரெய்டில் மூச்சைக் கட்டுப்படுத்தப் பழகலாம். பந்து, மட்டை எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் அவுட்டானவர் வெளியே போய் உட்கார வேண்டும், தன் அணி எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால்தான் திரும்ப வரலாம். சுமாராக ஆடுபவர்தான் அதிக நேரம் வெளியே இருப்பார். இன்னொன்று, எட்டாம் வகுப்பில் 30 கிலோ பிள்ளையும் 55 கிலோ பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். எடை பார்த்துப் பிரிக்காமல் இறக்கினால் சின்ன உடம்புக்காரர் ஒரு அடி வாங்கியதும் அடுத்த வாரம் வயிற்று வலி என்று ஒதுங்கிக்கொள்வார். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்காத தரையில் கபடி வேண்டவே வேண்டாம்.

கோ-கோவை நம் பள்ளிகள் இன்னும் நிறைய ஆட வேண்டும் என்பது என் ஆசை. நடுக்கோட்டில் எட்டுப் பேர் மாறி மாறி எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்கார, ஒன்பதாமவர் துரத்துவார். எதிரணி மூன்று மூன்று பேராக உள்ளே வரும். துரத்துபவர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, ஒரு திசையில் கிளம்பிவிட்டால் கோட்டின் முனையில் இருக்கும் கம்பம் வரை திரும்பவும் கூடாது. ஓடுபவருக்கு இரண்டு தடையும் இல்லை. அதனால் வேகம் குறைந்த பிள்ளையும் சட்டென்று வளைந்து தப்பிக்க முடிகிறது, வேகக்காரர் முழி பிதுங்கி நிற்கிறார். உட்கார்ந்திருப்பவரும் சும்மா இல்லை. முதுகில் தட்டி 'கோ' என்றதும் குந்திய நிலையிலிருந்து பாய வேண்டும், சில நொடியில் இன்னொருவருக்குக் கோ கொடுத்துவிட்டு மறுபடி குந்த வேண்டும். தொடைக்கு இதைவிடப் பயிற்சி எது? ஓடும்போது அவுட்டானவரும் தன் அணி துரத்தும் முறை வந்ததும் உள்ளே வந்துவிடுவார். குறை என்றால், ஓடும் அணியில் மூவர் உள்ளே இருக்க மற்றவர்கள் வெளியே காத்திருப்பதுதான். ஐந்து பேர் உட்காரும் சின்னக் களமாக இரண்டு போட்டுவிட்டால் அந்தக் காத்திருப்பு பெரிதும் குறையும். சுண்ணாம்புக் கோடும் நான்கு கம்பமும் போதும். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையில் ஆண்கள், பெண்கள் இரண்டு பட்டமும் இந்தியாவுக்குத்தான் வந்தன. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு மிடுக்கு வரும்.

நிமிடக் கணக்கில் மட்டும் பார்த்தால் ஸ்கிப்பிங்கை எதுவும் நெருங்காது. அவுட் என்பதே இல்லை. கயிறு காலில் மாட்டினால் மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். கயிற்றின் நடுவில் காலை வைத்து நின்றால் கைப்பிடிகள் அக்குள் வரை வர வேண்டும், அதுதான் சரியான நீளம். உயரமாகத் துள்ள வேண்டாம், கயிறு நுழையும் அளவு போதும். முன்பாதத்தில் இறங்க வேண்டும், தோளைச் சுழற்றாமல் மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும். முதல் வாரங்களில் 30 நொடி குதி, 30 நொடி ஓய்வு. குதித்து இறங்கும் அதிர்வு வளரும் எலும்புக்கு நல்லது. முட்டி வலி உள்ள பிள்ளைக்கு மட்டும் வேக நடை. ஆனால் கூட்டாளியும் போட்டியும் இல்லாததால் சீக்கிரம் சலித்துவிடும். இருவர் பெரிய கயிற்றைச் சுற்ற, மற்றவர்கள் உள்ளே புகுந்து வரும்படி செய்தால் சலிப்பு கொஞ்சம் தள்ளிப்போகும்.

ஓட்டத்தைப் பற்றி ஒரே வார்த்தை: தண்டனையாகக் கொடுக்காதீர்கள். தாமதமாக வந்தவனை 'ரெண்டு ரவுண்டு ஓடு' என்று விரட்டிவிட்டு, பிறகு 600 மீட்டர் ஓட்டத் தேர்வில் அவன் ஆசையாக ஓட வேண்டும் என்றால் எப்படி?

வாரத்தில் இரண்டு பீரியட் என்றால் ஒன்று முழுக்கக் கோ-கோ. மற்றது முதல் பத்து நிமிடம் ஸ்கிப்பிங், அப்புறம் எடை பிரித்துக் கபடி. கிரிக்கெட் ஞாயிறுக்கு. இது என் தீர்ப்பு.

எதை ஆடினாலும் காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு இரண்டாம் பீரியட் வெயிலில் தலை சுற்றும். டீயும் பிஸ்கட்டும் சாப்பாட்டில் சேராது. அதில் இருப்பது பெரும்பாலும் மாவும் சர்க்கரையும், அதோடு டீ உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் சேர்த்துக்கொள்வதைக் குறைக்கும். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு இது முக்கியம். இட்லி-சாம்பார், பொங்கல், இரண்டும் இல்லையென்றால் பழைய சோறும் தயிரும், எதுவாயினும் அந்த டீயைவிட மேல். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது அரசுப் பள்ளிகளில் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக. ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலைச் சாப்பாடு மறுபடி வீட்டுப் பொறுப்பு. மாலைக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ, கூட ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கொடுங்கள். கடலையில் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள அந்தப் பழத்திலுள்ள வைட்டமின் சி உதவும். எனர்ஜி ட்ரிங்க் டப்பாவில் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அச்சடித்தே விற்கிறார்கள், படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளையாடும் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டில் போதும்.