சோலார் போட்டு அஞ்சு வருஷம்: ராத்திரி 2 மணி ரீடிங்ல இருந்து ஆரம்பிக்கறேன்

மாடியில பேனல் ஏத்தி இந்த மாசத்தோட அஞ்சு வருஷம் முடியுது. போட்ட புதுசுலயே எழுதணும்னு கை பரபரத்துச்சு, நல்லவேளை எழுதல, எழுதியிருந்தா பாதி பெருமையாவும் மீதி தப்பாவும் இருந்திருக்கும். இப்ப ஒரு செட் பேட்டரிய என் கையாலயே சாகடிச்சிட்டு அடுத்த செட்ட ஒழுங்கா வச்சிருக்கேன்ங்கற தைரியத்துல எழுதறேன்.

முதல்ல என்ன வச்சிருக்கேன்னு சொல்லிடறேன். 5 கிலோவாட் பேனல், 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (பேனல், பேட்டரி, ஈபி கரண்ட் மூணையும் சேத்து கவனிச்சுக்கற வகை). ஆரம்பத்துல 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர் அவர்) ட்யூபுலர் பேட்டரி நாலு, அதாவது லெட் ஆசிட் வகை, சீரிஸ்ல ஒன்னுக்கு பின்னாடி ஒன்னா சேத்து 48 வோல்ட். இப்ப அந்த இடத்துல லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 51.2 வோல்ட் 100 ஏஎச் பேக் ரெண்டு. கிரிட்டுக்கு, அதாவது ஈபி லைனுக்கு, திருப்பி அனுப்பற வசதி வைக்கல, ஆனா கிரிட் கனெக்‌ஷன வெட்டவும் இல்ல. ஏன்னு பின்னாடி வரேன்.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு வாரம் பேனல பத்தியே மண்டைய உடைச்சிட்டு இருந்தேன், மோனோவா பாலியா, ஹாஃப் கட் வேணுமா, எத்தன வாட்டுன்னு. இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு தொல்லையும் குடுக்காத ஒரே ஐட்டம் அதுதான். காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி மாப் போட்டு தொடச்சா முடிஞ்சுது (மத்தியானம் கொதிக்கற கண்ணாடி மேல பச்சத் தண்ணிய ஊத்தாதீங்க, விரிசல் விடலாம்). ஒரே ஒரு பிரச்சனை தண்ணி டேங்க்கோட நிழல். சாயங்காலம் மூணு மணிக்கு மேல ஒரு பேனலோட மூலையில விழும், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும், ஆனா பேனலுக்குள்ள செல் எல்லாம் வரிசையா கோர்த்திருக்கறதால அந்த மூலை அந்த பேனலோட மூணுல ஒரு பங்க தின்னுடும். நிழல் விழுந்த பகுதிய சுத்தி கரண்ட்ட திருப்பி விடற பைபாஸ் டயோடு இருக்கறதால மீதி தப்பிக்குது. டேங்க்க நகத்த முடியல, அந்த பேனல கழட்டி ரெண்டடி தள்ளி வச்சோம், அவ்ளோதான் வைத்தியம்.

இன்னொன்னு, 5 கிலோவாட்னு போர்டுல போட்டிருந்தா 5 வரும்னு நினைக்காதீங்க. அந்த நம்பர் லேப்ல செல்லோட சூடு 25 டிகிரியில இருக்கும்போது எடுத்தது. கோடை வெயில்ல செல் 65 டிகிரிக்கு சுலபமா போகும், டிகிரிக்கு 0.35 சதவீதம்னு வச்சாலே 14 சதவீதம் அங்கயே போச்சு. எனக்கு உச்சி வெயில்ல 4 கிலோவாட்ட தாண்டறதே கஷ்டம். ஆனா மழை விட்டு மேகம் கிழிஞ்சு வெயில் அடிக்கற அந்த ரெண்டு நிமிஷம் இருக்கே, பேனல் குளுந்து கிடக்கும், மேகத்தோட ஓரத்துல பட்டு சிதறற வெளிச்சமும் சேர்ந்து வரும், அப்ப ஒரு தடவ 5-ஐ தொட்டு நின்னுச்சு, நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன் சின்னப்பையன் மாதிரி.

இப்ப பேட்டரி கதைக்கு வரேன். நாலு ட்யூபுலரும் சேர்ந்து பேப்பர்ல 7.2 யூனிட். லெட் ஆசிட்ல பாதிக்கு கீழ இறக்கினா ஆயுசு குறையும், அதனால உருப்படியா கிடைக்கறது 3.6 யூனிட். போதும்னு நினைச்சேன். ஆனா தினமும் விடியறதுக்குள்ள இன்வெர்ட்டர் கூவ ஆரம்பிச்சுடும். பேட்டரி மட்டம், ஏமாத்திட்டாங்கன்னு கொஞ்ச நாள் திட்டிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு ராத்திரி 2 மணிக்கு தூக்கம் வராம எழுந்து இன்வெர்ட்டர் டிஸ்ப்ளேவ பாத்தா லோடு 280 வாட்டுனு காட்டுது. வீட்ல எல்லாரும் தூங்கறாங்க, ஒரு லைட் எரியல, ஃபேனும் ஏசியும் வேற லைன்ல இருக்கு, அப்ப யாரு இந்த 280-ஐ சாப்பிடறது?

டார்ச் எடுத்துட்டு ஒவ்வொரு பிளக்கா பிடுங்கிட்டே போனேன். பழைய ஃப்ரிட்ஜ் ஓடும்போது 130. டிவி பாக்ஸ் ஆஃப்ல இருந்தும் 15. ரவுட்டர் 10. கம்ப்யூட்டருக்குன்னு எப்பவோ வாங்கின யூபிஎஸ், கம்ப்யூட்டரே இல்லாத ரூம்ல, சும்மா உக்காந்து 20 வாட். இப்படி சில்லறை சில்லறையா சேந்து ஒரு தொகை. கடைசியா எல்லாத்தையும் பிடுங்கியும் 50 வாட் பாக்கி நின்னுச்சு, அது வேற யாரும் இல்ல, இன்வெர்ட்டரே தான். அது முழிச்சிட்டு இருக்கறதுக்கு அதுக்கே தீனி வேணும்ல, அத வித்தவர் சொல்லவே இல்ல.

கணக்கு போடுங்க. வெயில் இறங்கி மறுநாள் வெயில் ஏற 13 மணி நேரம், 280 வாட்டுன்னா 3.6 யூனிட். அதாவது நாங்க ஒரு ஸ்விட்ச்ச கூட தொடாமலேயே பேட்டரியில உருப்படியா கிடைக்கறது மொத்தமும் காலி. பேட்டரி மேல தப்பே இல்ல. யூபிஎஸ்ஸ தூக்கி எறிஞ்சு, டிவி பாக்ஸுக்கு ஒரு ஸ்விட்ச் போர்டு வச்சு, ஃப்ரிட்ஜ் எப்படியும் போற வயசுல இருந்ததால இன்வெர்ட்டர் டைப் ஃப்ரிட்ஜா மாத்தி, 160 வாட்டுக்கு கொண்டு வந்தேன். அதே 13 மணி நேரத்துக்கு இப்ப ரெண்டு யூனிட் சொச்சம். பேட்டரி எவ்ளோ வாங்கணும்னு யாராவது கேட்டா நான் இப்ப திருப்பி கேக்கறது ஒன்னே ஒன்னுதான், ராத்திரி 2 மணிக்கு உங்க வீட்டு லோடு எவ்ளோ, பாத்துட்டு வாங்க.

அந்த ட்யூபுலர் செட் அப்படியும் ரெண்டரை வருஷத்துல போச்சு, அதுக்கு காரணம் நான். டிஸ்டில்டு வாட்டர் ஊத்த ரெண்டு தடவ மறந்தேன், அதவிட மோசம், மழை நாள்ல பாதி சார்ஜ்லயே வாரக்கணக்கா ஓட விட்டேன், லெட் ஆசிட்டுக்கு அது விஷம், பிளேட்ல சல்பேட் கட்டிக்கும். கடைசியா ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டோட அடர்த்திய அளக்கற கருவி) விட்டு பாத்தப்ப மத்த செல்லெல்லாம் 1.24 பக்கம் இருக்க ஒரு செல் மட்டும் 1.15-ல மிதக்குது. சீரிஸ்ல ஒன்னு படுத்தா மொத்த வரிசையும் படுத்த மாதிரிதான்.

லித்தியம் மாத்தினது பெரிய நிம்மதி, அத மறைக்க மாட்டேன். தண்ணி வேணாம், ஆசிட் வாடை இல்ல, பாதி சார்ஜ்ல கிடந்தா கவலைப்படாது. 10 யூனிட்ல 15 சதவீதம் ஓரமா விட்டுட்டு எட்டரை யூனிட் தாராளமா எடுக்கறேன், பெட்ரூம் ஏசியும் இப்ப இதுலதான் ஓடுது. ஆனா இதுக்கும் ஒரு குணம் இருக்கு. ஒரு மழைக்கு பத்து நாள் தொடர்ந்து ஃபுல் சார்ஜே ஏறல, ஆப்ல 24 சதவீதம் காட்டிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு மொத்தமும் அணைஞ்சுது. வீடே இருட்டு, நான் போய் கிரிட்டுக்கு மாத்திட்டு கம்பெனிக்கு போன் பண்ணி கத்தலாம்னு இருந்தேன். விஷயம் என்னன்னா இந்த வகை செல்லோட வோல்டேஜ் 3.2 பக்கத்துல நேர்கோடு மாதிரி போகும், 70 சதவீதத்துக்கும் 40-க்கும் பெரிய வித்தியாசமே தெரியாது, அதனால பிஎம்எஸ் (பேக்குக்குள்ள இருந்து பேட்டரிய கவனிச்சுக்கற சர்க்யூட்) உள்ள போற வர்ற கரண்ட்ட எண்ணிதான் சதவீதம் சொல்லுது. எண்ணிக்கையில தினமும் கொஞ்சம் கொஞ்சம் பிசகும், ஒரு தடவ ஃபுல்லா ஏறினாதான் அது தன்ன சரி பண்ணிக்கும். இப்பல்லாம் வாரத்துக்கு ஒரு தடவையாவது 100 தொட்டு ஒரு மணி நேரம் நிக்க விடறேன், மழைன்னா கிரிட்ல இருந்து ஏத்திடறேன். அதுக்கப்புறம் ஏமாத்தல.

பொதுவா எல்லாரும் குழம்பற இடம் ஒன்னு. தெரிஞ்சவர் ஒருத்தர் பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேந்தே ஓடற கிரிட் டை சிஸ்டம் போட்டாரு, மட்ட மத்தியானம் கரண்ட் போச்சு, சோலாரும் சேந்து போச்சு, என்னடா இது வெயில் கொளுத்துதே, ஏமாந்துட்டேனான்னு எனக்கு போன். ஏமாத்தல சார், கிரிட் செத்தவுடனே அந்த இன்வெர்ட்டர் அணைஞ்சே ஆகணும், இல்லன்னா கம்பத்துல ஏறி வேலை செய்யறவருக்கு உங்க வீட்டு கரண்ட் லைன் வழியா போய் அடிக்கும். கரண்ட் போனாலும் ஓடணும்னா ஹைப்ரிட், பேட்டரி, தனி பேக்கப் லைன் மூணும் வேணும்.

ஆப்ல இன்னிக்கு 9 யூனிட்தான் உற்பத்தின்னு பாத்து பயப்படறவங்களும் உண்டு. என்ன மாதிரி கிரிட்டுக்கு அனுப்பாத ஆளா இருந்தா, 11 மணிக்கே பேட்டரி ரொம்பிடுச்சுன்னா அதுக்கப்புறம் வீட்டுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் பேனல்ல இருந்து எடுக்கும், மீதி வெயில் சும்மா போகும். அத வீணாக்க மனசு வராமதான் எங்க வீட்டு நேரமே மாறிப்போச்சு. வாஷிங் மெஷின் 11 மணிக்கு மேல, மோட்டார் அதுக்கப்புறம், கீசர் மத்தியானம் ஒரு மணிக்கு டைமர்ல. மத்தியானம் சுட்ட தண்ணி சாயங்காலம் வரைக்கும் சூடாதான் இருக்கு, 2 கிலோவாட் கீசர ராத்திரி பேட்டரியில ஓட்டறத விட இது எவ்வளவோ மேல், பேட்டரிக்குள்ள போய் திரும்பி வர்றதுலயே 10, 15 சதவீதம் கழிஞ்சிடும். வீட்டம்மா ஆரம்பத்துல "சூரியன கேட்டுதான் துணி துவைக்கணுமா"ன்னு கிண்டல் பண்ணாங்க, இப்ப மேகம் வந்தா அவங்கதான் முதல்ல மெஷின நிறுத்தறாங்க.

பாதுகாப்பு விஷயத்துல ஒன்னு மட்டும் சொல்லிடறேன். 48 வோல்ட்தானேன்னு அலட்சியம் வேணாம், 5 கிலோவாட் இழுக்கும்போது கேபிள்ல 100 ஆம்பியர் ஓடுது. போன வருஷம் பேட்டரி டெர்மினல்ல ஒரு நட் லேசா தளர்ந்து லக் (கேபிள் நுனியில இருக்கற உலோக வளையம்) பக்கத்துல இன்சுலேஷன் பழுப்பா மாறி இருந்துச்சு, வாடை வந்துதான் கண்டுபிடிச்சேன். அதுல இருந்து ஆறு மாசத்துக்கு ஒருக்கா எலக்ட்ரீஷியன கூப்பிட்டு எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு டார்க் ரெஞ்ச் (சரியான அளவு முறுக்கு குடுக்கற ஸ்பேனர்) வச்சு இறுக்கறோம். பேனல் பக்கம் லோடு ஓடும்போது எம்சி4 கனெக்டர (பேனல் வயர்கள இணைக்கற பிளக்) பிடுங்கவே கூடாது, டிசி கரண்ட்ல வர்ற ஆர்க், அதாவது தீப்பொறி, ஏசி கரண்ட்ல மாதிரி தானா அணையாது.

கிரிட்ட ஏன் வெட்டலன்னா, எங்களுக்கு நாளைக்கு 14 யூனிட் ஆகுது. நல்ல வெயில் நாள்ல 20 வரைக்கும் வரும், மூடின மழை நாள்ல 4 வந்தா பெரிசு. அப்படி பத்து நாள் நின்னா 100 யூனிட் துண்டு விழும், அத பேட்டரியிலயே சமாளிக்கணும்னா இதே பேக் இருபதுக்கு மேல வேணும், அந்த பத்து நாளுக்காக மத்த நாளெல்லாம் அது சும்மா உக்காந்து வயசாகும். முதல் வருஷம் எங்க தேவையில பாதிய கூட சொந்தமா எடுக்கல, இப்ப வருஷ சராசரி 85 சதவீதம் நிக்குது. மூணாவது பேக் வாங்கலாமான்னு பையன் கேட்டுட்டு இருக்கான், போன ரெண்டு வருஷ ரீடிங்க வச்சு பாத்தா அது 3 சதவீதம் கூட ஏத்தாது போல. அதுக்கு பதிலா டேங்க் நிழல் இன்னும் லேசா விழற அந்த ஒரு பேனலுக்கு ஆப்டிமைசர் (அந்த பேனல தனியா சமாளிச்சு அதுல கிடைக்கறத அதிகபட்சமா எடுக்கற கருவி) போட்டு பாக்கலாம்னு இருக்கேன், போட்டா ரீடிங் சொல்றேன்.